தண்ணீரில் நான் நிற்கவில்லை, உட்கார்ந்திருந்தேன்

அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருக்கலாம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே யாராவது உங்களுக்கு அனுப்பியிருப்பார்கள். ஏரித் தண்ணீருக்கு மேலே ஒரு வழுக்கைத் தலை மட்டும் தெரியும். சுற்றிலும் தண்ணீரில் நிற்கும் கருவேல மரங்கள், மரம் கொள்ளாத பறவைகள். பின்னணியில் சோகமாக ஒரு புல்லாங்குழல். ‘குஞ்சுகளுக்காக மூன்று மணி நேரம் அசையாமல் நின்ற வனவர்’ என்று கீழே எழுதியிருக்கும்.

அந்தத் தலை என்னுடையது. மூன்று மணி நேரம் என்பதும் சரிதான். மற்றதையெல்லாம் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது. அலுவலகத்தில் நடந்ததை நடந்தபடி எழுத்தில் கொடுத்துவிட்டேன். ஆனால் எழுத்தில் கொடுத்ததை யாரும் வாட்ஸ்அப்பில் அனுப்புவதில்லை. புதிதாக வனக்காப்பாளர்களாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காவது உண்மை தெரியட்டும் என்று எழுதுகிறேன்.

இருபத்தாறு வருடம் மலைக்காட்டில் வேலை பார்த்துவிட்டு, முழங்கால் தேய்ந்த பிறகு திருப்பூருக்குப் பக்கத்தில் ஒரு ஏரிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு வந்தேன். யானை இல்லை, ஏற்றம் இல்லை, ஏரியைச் சுற்றி ஜீப் போகிற கரை இருக்கிறது. ஓய்வு பெறுவதற்கு முன்பே ஓய்வு கிடைத்துவிட்டது என்று என் மனைவியிடம் சொன்னேன். தாராபுரத்தில், ஆற்றங்கரைக்கு நடந்துபோகிற தூரத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். எனக்கு நீச்சல் தெரியாது. இதை விண்ணப்பத்தில் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஒரு காலத்தில் அந்த ஏரித் தண்ணீர் எந்த நிறத்தில் இருக்கிறது என்று பார்த்தால் பனியன் கம்பெனிகளில் அந்த வாரம் என்ன கலர் ஆர்டர் ஓடுகிறது என்று சொல்லிவிடலாம் என்பார்கள். சாயத்தண்ணீர் கலப்பது நின்று, நல்ல மழையும் பெய்து, நான் வந்தபோது ஏரி தேறியிருந்தது. நீர்க்காகமும் வக்காவும் பாம்புத்தாராவும் வந்து தங்க ஆரம்பித்திருந்தன. பறவைகள் வந்ததும் அவற்றைப் பார்க்க ஜனங்கள் வந்தார்கள். ஜனங்கள் வந்ததும் படகு வேண்டும் என்று மனு வந்தது.

மனு கொடுத்தவர் குன்னத்தூர்ப் பக்கத்துக்காரர். இங்கே பனியன் கம்பெனி வைத்திருக்கிறார். எல்லோரும் அவரை ஓனர் என்றே கூப்பிடுவார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். அவர் கேட்டது அநியாயமான விஷயம் அல்ல. “ஏனுங்க சார், நம்ம கம்பெனியில வேலை செய்யற புள்ளைங்க ஆறு நாளும் மெசின்ல உக்காந்திருக்குதுங்க. ஞாயித்துக்கெழமை ஆனா பத்துக்குப் பத்து ரூமுக்குள்ள மொபைலைப் பாத்துட்டுப் படுத்துக் கெடக்குதுங்க. நாலு பெடல் போட்டை விட்டா குழந்தை குட்டியோட வந்து போவாங்கல்லங்க?”

மேலிடத்தில் ஒப்புக்கொண்டார்கள். ஒரே ஒரு நிபந்தனை. படகு போகிற பகுதி எது, பறவைகளின் பகுதி எது என்று வனவர் நேரில் ஆய்வு செய்து எல்லை குறிக்க வேண்டும். அந்த வனவர் நான்.

வைகாசி மாதத்தில் ஆய்வு செய்தேன். எப்படி என்றால், கரையில் ஒரு வேப்பமரத்து நிழலில் ஜீப்பை நிறுத்தி, முன்சீட்டில் உட்கார்ந்தபடி, வறண்டு வெடித்துக் கிடந்த ஏரியைப் பார்த்து வரைபடத்தில் ஒரு கோடு இழுத்தேன். அப்போது ஏரியில் ஒரு பறவைகூட இல்லை. வடக்கே மரம் அதிகம், அது பறவைகளுக்கு. தெற்கே மரம் குறைவு, அது படகுகளுக்கு. பார்க்க நேர்த்தியாக இருந்தது. ‘களத்தில் இறங்கி ஆய்வு செய்யப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். சாயப்பட்டறைகளில் கிடைத்த நீலப் பிளாஸ்டிக் கேன்களை நைலான் கயிற்றில் கோத்து, கோட்டின் மேல் அந்தக் கயிற்றைக் கட்டச் செய்தேன். ஒரு நுனி கரையோர மதகில், மறு நுனி ஏரிக்குள் வாகாக நின்ற ஒரு பட்ட கருவேல மரத்தில். தண்ணீர் வந்ததும் கேன்கள் மிதந்தன. அந்த நீல வரிசையைக் கரையிலிருந்து பார்த்து நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

அதோடு நின்றிருக்கலாம். ரோந்து போக ஒரு மோட்டார் படகும் கேட்டு வாங்கினேன். அதன் பக்கவாட்டில் ‘வனத்துறை’ என்று பெரிய எழுத்தில் எழுதச் சொன்னேன். எழுத்து போதவில்லை என்று ஒரு முறை அழித்து எழுதவும் சொன்னேன்.

படகு ஓட்ட ஓனர் ஓர் ஆளை அனுப்பினார். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர். சங்கு குளிக்கிற குடும்பம். திருப்பூருக்கு வந்து ஓனரின் கம்பெனியில் துணிக்குத் தேய்ப்புப் போடுகிறார். எல்லோரும் அவரை அயர்ன் மாஸ்டர் என்பார்கள். திறப்பு விழாவுக்கு ஒரு வாரம் முன்பு படகுகளை ஓட்டிப் பார்க்க வந்தவர், மாலையில் என்னிடம் வந்தார்.

“சார், ஒரு விசயம். கயிறு கட்டுன மரத்துல கூடு இருக்கு. அதுக்கு இந்தப் பக்கமும் நாலஞ்சு மரத்துல இருக்கு. படகு அது அடியிலதான் போவணும்.”

நான் கரையிலிருந்தே பைனாகுலரில் பார்த்தேன். தூரத்தில் எல்லா மரமும் ஒரே வரிசையாகத் தெரிந்தது. “கயித்துக்கு அந்தப் பக்கம்தான் இருக்கு. உங்களுக்குக் கிட்டத்துல பார்த்ததுல மாறித் தெரிஞ்சிருக்கும்” என்றேன்.

கிட்டத்தில் போய்ப் பார்த்தவருக்கு மாறித் தெரிந்தது, தூரத்திலிருந்து பார்த்த எனக்குச் சரியாகத் தெரிந்தது. இதைத்தான் நான் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன். அவர், “சரிங்க சார்” என்று போய்விட்டார்.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. வாழைமரம் கட்டி, மைக் செட் போட்டு, நாதஸ்வரம் வைத்திருந்தார் ஓனர். கம்பெனி ஆட்கள் குடும்பம் குடும்பமாக வந்து வரிசையில் நின்றார்கள். ஒரு பக்கம் தென்மாவட்டத்துப் பேச்சு, ஒரு பக்கம் இந்தி. பகல் ஒரு மணிக்கு முதல் நான்கு படகுகள் புறப்பட்டன. பாதித் தூரம் போவதற்குள் தெற்குப் பக்க மரங்களிலிருந்து பறவைகள் ஒட்டுமொத்தமாக எழும்பின. ஜனங்கள் கைதட்டினார்கள், தங்களுக்காகவே பறந்து காட்டுகின்றன என்று நினைத்து.

விசில் ஊதிப் படகுகளைத் திரும்ப வரச் சொன்னேன்.

“ஏனுங்க சார், என்னாச்சுங்க?” என்று ஓனர் ஓடிவந்தார்.

இந்த இடத்தை நன்றாகக் கவனியுங்கள். ‘எல்லையைத் தப்பாகக் குறித்துவிட்டேன், இன்றைக்குப் படகு விட முடியாது’ என்று சொல்ல இரண்டு வினாடி போதும். நான் சொன்னது இது: “சின்ன டெக்னிக்கல் பிராப்ளம். அரை மணி நேரத்தில் சரி பண்ணிடலாம்.”

என் திட்டம் எளிமையானது. மோட்டார் படகில் போய்க் கயிற்றை அந்த மரத்திலிருந்து அவிழ்த்து, இன்னும் தெற்கே தள்ளிக் கட்டிவிடுவது. யாருக்கும் தெரியாமல் கோட்டை நகர்த்திவிட்டால் தப்பும் நகர்ந்துவிடும் அல்லவா? அயர்ன் மாஸ்டரைக் கூப்பிட்டேன். “இப்ப அங்க போவ வேண்டாம் சார்” என்றார். “நான் சொல்றதைச் செய்யுங்க” என்றேன். அவர் மோட்டாரைக் கிளப்பினார்.

மரங்களுக்கு நடுவே போனதும், தண்ணீருக்குள் தொய்ந்து கிடந்த என் கயிறே மோட்டார் விசிறியில் சுற்றிக்கொண்டது. படகு நின்றுவிட்டது. கயிற்றை இழுத்து விடுவிக்கலாம் என்று நான் குனிந்தேன். அடுத்த நொடி ஏரிக்குள் இருந்தேன்.

“ஐயோ, காப்பாத்துங்க” என்று கத்தினேன். கை கால்களை உதைத்தேன். வாய்க்குள் தண்ணீர் போனது. குலதெய்வத்துக்கு ஒரு கிடா நேர்ந்துகொண்டதும் ஞாபகம் இருக்கிறது. அப்போது தலைக்கு மேலே அயர்ன் மாஸ்டரின் குரல் நிதானமாகக் கேட்டது.

“சார், எந்திரிச்சி நில்லுங்க. இடுப்புத் தண்ணிதான்.”

நின்றேன். அவருக்கு இடுப்பளவு, எனக்கு மார்பளவு. என் தொப்பி மிதந்து போய்க்கொண்டிருந்தது. ஒரு ஷூ சேற்றுக்குள் போய்விட்டது. கரையில் எல்லோருடைய கையிலும் மொபைல் இருந்தது.

அதன் பிறகுதான் மேலே பார்த்தேன். தலைக்கு மேல் எட்டடி உயரத்தில் ஒரு கூடு. இறகு முளைக்காத மூன்று குஞ்சுகள் வாயைத் திறந்தபடி வெயிலில் கிடந்தன. தாய்ப்பறவை இல்லை. பக்கத்து மரத்திலும் அப்படியே. எங்களால் கலைந்த பறவைகள் உயரத்தில் வட்டமடித்துக்கொண்டிருந்தன, இறங்கப் பயந்து. காக்கைகளுக்கு அந்தப் பயம் இல்லை. ஒரு காக்கை ஒரு முட்டையைக் கொத்தி எடுத்துவந்து, எங்கள் படகின் விளிம்பில், நான் அழித்து எழுதச் சொன்ன அந்த எழுத்துகளுக்கு மேலே உட்கார்ந்து தின்றது.

அந்த நேரம் பார்த்துக் கரையில் ஓனரின் குரல் மைக்கில் முழங்கியது. “சார், பயப்படாதீங்க. நாலு போட்டுல ஆளுங்க வந்துட்டிருக்காங்க. எல்லாரும் வழி விடுங்க, சார் முழுகிட்டிருக்காருங்க.”

எனக்கு வந்த நிம்மதியைச் சொல்ல முடியாது. ‘இங்கே வாங்க, இங்கே’ என்று காட்ட வலது கையை உயர்த்தினேன். ஆம், கூப்பிடத்தான் உயர்த்தினேன். அயர்ன் மாஸ்டர் படகிலிருந்து சத்தமில்லாமல் இறங்கி வந்து, உயர்ந்த என் கையைப் பிடித்துத் தண்ணீருக்குள் அமுக்கினார்.

“கைய இறக்குங்க சார்.”

“ஏன்யா? அவங்க நம்மளைக் காப்பாத்த வர்றாங்க.”

“நம்மள என்னத்துக்குக் காப்பாத்தணும்? நமக்கு என்ன வந்திச்சி? அவனுவ நாலு படகுல கூச்சல் போட்டுட்டு வந்தா, தாய்ப்பறவை இன்னைக்கு எறங்காது. இந்த வெயில்ல குஞ்சு ஒண்ணும் மிஞ்சாது.”

“அப்ப நாம நடந்தே போயிடலாம்.”

“இந்த மரத்துக்கு அடியில எல்லாம் சலம்பிக்கிட்டா? இப்ப இங்க பெரிய எடைஞ்சலே நாம ரெண்டு பேருதான் சார். நான் தண்ணிக்குள்ளயே போயி அவனுவள நிப்பாட்டுதேன். நீங்க அசையாம இருங்க. வெயிலு தாழுற வரைக்கும்.”

மணி ஒன்றரை. வெயில் தாழ நான்கரை ஆகும் என்று கணக்குப் போட்டேன். நான் இந்த ஏரிக்கு அதிகாரி என்பதும், இவர் சட்டைக்குத் தேய்ப்புப் போடுகிறவர் என்பதும் அந்த நேரத்திலும் எனக்கு நினைவு வந்தது. வெட்கப்பட்டுத்தான் இதைச் சொல்கிறேன். ஆனால் மேலே ஒரு குஞ்சின் தலை கூட்டின் விளிம்பில் தொங்க ஆரம்பித்திருந்தது. “போங்க” என்றேன்.

“அப்படியே எறங்கிக்கிடுங்க. தல மட்டும் வெளிய இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, அவர் மூச்சை இழுத்துக்கொண்டு தண்ணீருக்குள் போனார். வெகுதூரத்தில்தான் அவர் தலை மறுபடி தெரிந்தது.

முழங்காலை மடக்கினேன். தேய்ந்த முழங்கால் எவ்வளவு நேரம் தாங்கும்? நல்லவேளை, தண்ணீருக்கடியில் வெட்டுப்பட்ட மரத்தூர் ஒன்று தட்டுப்பட்டது. அதில் உட்கார்ந்துகொண்டேன். ஆகவே, அந்த வீடியோவில் நான் நிற்கவே இல்லை. மூன்று மணி நேரமும் உட்கார்ந்திருந்தேன்.

கரையில் நடந்ததைப் பிறகு ஓனர்தான் சொன்னார். புறப்பட்டுவிட்ட படகுகளை அயர்ன் மாஸ்டர் நடுவழியிலேயே மறித்துத் திருப்பியிருக்கிறார். ஓனர் கையில் மைக்கோடு, “ஏப்பா, ஆளு முழுகிட்டிருக்காரு, தடுக்கறயே” என்று கேட்க, அவர், “முழுகல முதலாளி. ஒக்காந்திருக்காரு. யாரும் வரக்கூடாதுன்னு சாரோட உத்தரவு. மைக்கையும் நிறுத்தச் சொன்னாரு” என்றிருக்கிறார். நான் அப்படி ஓர் உத்தரவும் போடவில்லை. என் கை எதற்கு உயர்ந்தது என்று உங்களுக்குத் தெரியும். வரவேண்டாம் என்று நான் கையைக் காட்டித் தடுத்ததாக வீடியோவில் வருகிறதே, அது அவர் எனக்குக் கொடுத்த தானம்.

மைக் நின்றதும் ஏரி அமைதியானது. கால் மணி நேரம் போயிருக்கும். ஒரு பாம்புத்தாரா இறங்கி வந்து என் தலைக்கு நேர் மேலே உள்ள கிளையில் உட்கார்ந்தது. நீண்ட கழுத்தை வளைத்து என்னைப் பார்த்தது. இருபத்தாறு வருடத்தில் எத்தனையோ மேலதிகாரிகள் என்னை ஆய்வு செய்திருக்கிறார்கள். இப்படி ஒருவரும் பார்த்ததில்லை. நான் மூச்சைக்கூட மெதுவாக விட்டேன். ஆபத்தில்லாத ஜந்து என்று முடிவு செய்ததோ என்னவோ, கூட்டுக்கு நகர்ந்து, இரண்டு இறக்கையையும் விரித்துக் குஞ்சுகளுக்கு மேலே குடைபோல் பிடித்தது. தொங்கிக்கொண்டிருந்த தலை சிறிது நேரத்தில் நிமிர்ந்தது. பிறகு பக்கத்து மரத்துக்கு ஒன்று வந்தது. அதன்பின் ஒவ்வொன்றாக எல்லாம் இறங்கின. காக்கைகள் விலகிப் போயின.

அழுதேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அழவில்லை. மீன்கள் காலைக் கடித்துக்கொண்டிருந்தன, முதுகில் ஒரு முள் ஏறியிருந்தது. ஆனால் அந்த மரத்தை மூன்று மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதன் நடுமரத்தில் நீல நைலான் கயிறு சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது. நான் வைகாசியில் ஜீப்பிலிருந்து விரல் நீட்டி, ‘அந்த மரத்துல கட்டுங்க’ என்று காட்டிய அதே மரம். ஒரு படகு கயிற்றில் இடித்தால் போதும், கூடு ஆடும். இதைத் தெரிந்துகொள்ள நான் ஏரிக்குள் விழ வேண்டியிருந்தது.

நான்கரை மணிக்கு அயர்ன் மாஸ்டர் வந்தார். கழுத்தளவு தண்ணீரிலேயே, மரம் இல்லாத பக்கமாக, ஒவ்வோர் அடியாக என்னை நடத்திக் கூட்டிவந்தார். ஒரே ஒரு பறவைதான் எழும்பியது, அதுவும் உடனே உட்கார்ந்துவிட்டது. கரையேறியபோது கைதட்டினார்கள். ஒற்றை ஷூவோடு நடந்தேன்.

வரிசையில் இன்னும் சிலர் நின்றிருந்தார்கள். ஒரு பெண், கம்பெனியில் தையல் வேலை செய்கிறவர், இரண்டு பிள்ளைகளோடு காலையிலிருந்து நின்றவர், என்னைப் பார்த்து மரியாதையாகவே கேட்டார். “பறவைக்கு எடம் விடணும், சரிதான் சார். ஒரு ஞாயித்துக்கிழமை எங்க பிள்ளைகளும் எங்கயாச்சும் போவணும்ல? எங்களுக்கு எங்க எடம்?”

ஜீப்பில் ஏறினேன். அந்தக் கேள்விதான் வழியெல்லாம் கூடவே வந்தது.

அந்த வாரம் மாவட்ட அலுவலகத்தில் கூட்டம். வீடியோ எனக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. பெரிய அதிகாரி எழுந்து கைகொடுத்தார். பாராட்டுக் கடிதம் தயாராகிறது என்றார். ஓனரும் வந்திருந்தார். “சாரு பண்ணுனது பெரிய காரியமுங்க. ஆனா எல்லை அவங்க குறிச்சுக் குடுத்ததுதானுங்க. நாங்க அதைத் தாண்டலையே. வர்ற ஞாயித்துக்கெழமை போட்டை விட்டுக்கலாமுங்களா?” என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மழை அதிகம், நீர்மட்டம் எதிர்பாராமல் ஏறிவிட்டது, பறவைகள் இடம் மாறிவிட்டன என்று சொல்ல மூன்று வாக்கியம் தயாராக வைத்திருந்தேன். மூன்றுமே பாதி உண்மை. முதல் வாக்கியத்தை ஆரம்பித்தும்விட்டேன். ஆனால் காரணம் மழை என்றால், மழை குறைந்ததும் கயிறு அதே மரத்தில் இருக்கும்.

“எல்லை தப்பு. நான் ஏரிக்குள் இறங்காமல் ஜீப்பில் உட்கார்ந்து குறித்தேன். இறங்கி ஆய்வு செய்ததாகக் கையெழுத்துப் போட்டது பொய். கூடு இருப்பதைப் படகு ஓட்டுகிறவர் முன்கூட்டியே சொன்னார், நான் கேட்கவில்லை. அன்றைக்குப் படகுகளை நிறுத்தியவரும் அவர்தான்” என்றேன்.

பெரிய அதிகாரி மெல்ல உட்கார்ந்தார். பாராட்டுக் கடிதத்துக்குப் பதில் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. நியாயமான மெமோ. நானே எழுதியிருந்தால்கூட இன்னும் கடுமையாக எழுதியிருக்க முடியாது.

ஓனருக்கு என் மேல் கோபம். வெளியே வந்ததும், “விழாவன்னைக்கே சொல்லியிருந்தா நானே நிறுத்தியிருப்பனுங்களே சார். என்னைய எதுக்குங்க மைக்குல கத்த வெச்சீங்க?” என்றார்.

படகுகள் ஒரு மாதம் கரையில் கிடந்தன. அந்த ஒரு மாதமும் ஞாயிறுதோறும் நானும் அயர்ன் மாஸ்டரும் ஒரு பரிசலில், மரங்களை விட்டு வெகுதூரம் விலகி, ஏரியைச் சுற்றினோம். ஞாயிறு ஓவர்டைமுக்கு வராமல் கோயிலுக்குப் போவதாகச் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு வந்தார் அவர். ஓனருக்குத் தெரியும், தெரியாததுபோல் இருந்துகொண்டார். மதகை ஒட்டி ஆழமான பகுதியில் மரமே இல்லை, பறவைகள் இரைக்குக்கூட அங்கே வருவதில்லை. சின்ன இடம்தான். ஆனால் நான்கு பெடல் படகுகளுக்குப் போதும். அங்கே விட்டோம். எல்லைக் கயிற்றை ஏரிக்குள் அடித்த மூங்கில்களில் கட்டினோம். தையல் வேலை செய்யும் அந்தப் பெண் பிள்ளைகளோடு மூன்றாவது படகில் போனதைக் கரையில் நின்று பார்த்தேன். “இம்புட்டூண்டு எடமா?” என்றார் இறங்கும்போது. பிள்ளைகள் மறுபடி வரிசையில் போய் நின்றுகொண்டார்கள்.

இன்னொன்றும் எழுதி வைத்துவிட்டு வந்தேன். இனி வெயில்காலத்தில் யாரும் கோடு போடக்கூடாது. தண்ணீர் வந்து, பறவைகள் மரம் பிடித்து உட்கார்ந்த பிறகு, மிச்சமிருக்கிற இடத்தில்தான் படகுக்கு எல்லை. ஒவ்வொரு வருடமும் புதிதாக. நீங்கள் இப்போது பின்பற்றுகிற விதி அதுதான். அலுப்பாக இருக்கும், தெரியும். வைகாசியில் ஜீப்பில் உட்கார்ந்து முடிக்கிற வேலை அல்ல அது.

மறுவருடம், நான் ஓய்வு பெறச் சில வாரமே இருந்தபோது, ஒரு நாள் காலை ஆறு மணிக்கு ஓனரிடமிருந்து போன்.

“ஏனுங்க சார், எந்திரிச்சுட்டீங்களா? ரெண்டு நாளா பாக்கறனுங்க. நாம டிக்கெட் குடுக்கற கொட்டாய்க்கு நேர் மேல, அந்த வேலமரத்துல, வக்கா கூடு கட்டக் குச்சி கொண்டாந்து வெச்சுட்டிருக்குது.”

எனக்குப் பழைய புத்தி. “அப்படியா, நேர்ல வந்து ஆய்வு பண்ணிட்டு, மேலிடத்துல கேட்டுச் சொல்றேன்” என்று இழுத்தேன்.

“வந்து பாருங்க சார், வேண்டாங்கல” என்றார் அவர். “கொட்டாயை நான் நேத்தே கழட்டிப்போட்டேனுங்க.”